ஊர்தி ஆசையும் வியப்பென்னும் மாசும்

அருகப்பெருமானின் திருவடித் தாமரைகளை வணங்கி, இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாகிய மிகுபொருள் விரும்பாமை குறித்துச் சில எண்ணங்களைச் சிராவக சிராவகியர்முன் வைக்க விழைகின்றோம். இவ்விரதத்தைப் பற்றி ஆலய மண்டபங்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டது நெஞ்சில் நிலைக்க வேண்டுமாயின், உலகில் நிகழும் ஒன்றோடு அதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அத்தகைய ஒன்றை ஓர் இளைஞரின் வினா நமக்கு எடுத்துக் கொடுத்தது.

தசலட்சண நாள்களில் ஆகிஞ்சன்ய அறம் பற்றிய உரை முடிந்தவேளை, கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஐயா, வெளிநாட்டுப் பெருஞ்செல்வர்கள் பழைய கார்களைக் கோடி கோடியாகக் கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். அவர்களும் எல்லாக் கார்களையும் வாங்குவதில்லை. சில நிறுவனங்களின் கார் என்றால் முந்துகிறார்கள். சிலவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எல்லாம் இரும்புதானே? ஏன் இந்த வேறுபாடு?" என்று வினவினார். அவையில் சிலர் நகைத்தனர். ஆனால் அவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கது அன்று. விருப்பு, வெறுப்பு என்னும் இரண்டும் எங்கிருந்து தோன்றுகின்றன என்று கேட்பதே அருகநெறியின் முதற்கேள்வி அன்றோ?

விருப்பின் காரணங்கள்

அவ்வுலகில் பழகியோர் கூறும் காரணங்களை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம்.

முதற்காரணம் அருமை. இலட்சக்கணக்கில் ஆக்கப்பட்ட காரைச் சேகரிப்பாளர் பெரிதும் விரும்புவதில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் ஆக்கப்பட்டதை நாடுகின்றனர். இரண்டாவது வெற்றி. பந்தயங்களில் வாகை சூடிய நிறுவனத்தின் பெயருக்கு ஒரு மதிப்பு. பந்தயக்களம் காணாத நிறுவனம் எத்துணைச் செம்மையாகக் கார் செய்திருப்பினும் அம்மதிப்பைப் பெறுவது அரிது. மூன்றாவது வரலாறு. முதலில் யார் வாங்கினார், பின்பு எவரெவர் கைக்கு மாறியது, அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துள்ளனவா என்று ஆராய்கின்றனர். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் விலை சரிகிறது. நான்காவது இளமை நினைவு. ஒருவர் பதினைந்து வயதில் எந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி ஏங்கினாரோ, ஐம்பது வயதில் பொருள் சேர்ந்தபின் அதனையே வாங்க நினைக்கிறார். அதனால் தலைமுறை மாறும்போது விருப்பமும் மாறுகிறது. பாட்டனார் போற்றிய கார்களைப் பேரர் அதே ஆர்வத்தோடு நாடுவதில்லை.

ஐந்தாவது காரணம் அவை. இத்தாலியில் 1927 முதல் 1957 வரை நடைபெற்ற மில்லே மில்லியா என்னும் ஆயிரம் கல் பந்தயத்தின் நினைவாக இன்று நடைபெறும் ஓட்டத்தில், அப்பந்தயத்தில் கலந்துகொண்ட வகையைச் சேர்ந்த கார்களுக்கே இடம் உண்டு. அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்துவரும் கண்காட்சியிலும், நடுவர்கள் தேர்ந்த கார்களையே ஏற்று ஆராய்ந்து பரிசு வழங்குகின்றனர். எந்தக் கார் இத்தகைய அவைகளுக்கு வழிதிறக்கிறதோ அதற்கு விலை ஏறுகிறது. வழிதிறவாதது ஒதுக்கப்படுகிறது.

இக்காரணங்களை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். விரைவாகச் செல்லுதல், பாதுகாப்பாகச் செல்லுதல், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுதல் ஆகிய ஊர்தியின் பயன்களுள் ஒன்றேனும் இப்பட்டியலில் முதலிடம் பெறவில்லை. அருமை, வெற்றி, குலவரலாறு, நினைவு, அவை ஆகிய ஐந்தும் காணும் கண்ணைச் சார்ந்தவை.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். இத்தாலிய நாட்டு ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்னும் பந்தயக் காரை ஆக்கியது. ஆக்கிய எண்ணிக்கை 36. அன்று அதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். சில ஆண்டுகளில் புதிய பந்தயக் கார்கள் வந்தன, இது பழையதாயிற்று, சில ஆயிரம் டாலர்களுக்கே கைமாறியது. அதே வகைக் கார் ஒன்று 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மான்டரே நகரில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இரும்பு பொன்னாக மாறவில்லை. சக்கரம் ஐந்தாகவும் ஆகவில்லை. மாறியது பார்ப்போர் மனமே.

அரசர்க்கென ஆக்கிய ஊர்தி

பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்னும் ஊரில் எத்தோரே புகாட்டி என்பார் தம் பெயரால் ஒரு கார்த் தொழிற்சாலை நடத்தினார். அரசர்களுக்காகவே ஒரு கார் செய்வோம் என்று எண்ணி, 12 லிட்டருக்கும் மிகுந்த கொள்ளளவுடைய எஞ்சினைப் பொருத்தி, ரோயால் என்று பெயரும் சூட்டினார். உலகப் பொருளாதாரம் சரிந்த காலம் அது. எந்த நாட்டு அரசரும் அக்காரை வாங்கவில்லை. விற்பனைக்கென ஆறு கார்கள் உருப்பெற்றன, மூன்றே விலைபோயின. எஞ்சிய எஞ்சின்கள் பிரான்சு நாட்டு இருப்புப்பாதைகளில் ஓடிய தொடர்வண்டிகளுக்குப் பயன்பட்டன. அரசரைச் சுமக்க ஆக்கியவை எளிய மக்களைச் சுமந்தன. அந்த எஞ்சின்கள் அடைந்த நற்பேறு அதுவே என்று நாம் கருதுகிறோம்.

அன்று அரசர்கள் ஒதுக்கிய அதே வகைக் கார்களுள் ஒன்று, 1987-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் 55 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. வாங்குவார் இல்லாமையால் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்தமையால் பிற்காலத்தில் வாங்குவார் பெருகினர். விருப்பும் வெறுப்பும் பொருளில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

முலூஸ் நகரத்து உடன்பிறந்தார்

அதே அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரில் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்னும் ஷ்லும்ப் உடன்பிறந்தார் இருவர் வாழ்ந்தனர். கம்பளி நூற்பாலைகள் பலவற்றின் உரிமையாளர்கள். தம்பி ஃபிரிட்ஸ் என்பார்க்குப் புகாட்டி கார்கள்மீது அடங்காத பற்று. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கர் ஒருவரிடமிருந்து முப்பது புகாட்டி கார்களை ஒருசேர வாங்கினார். மோல்சைம் தொழிற்சாலையில் எஞ்சியிருந்தவற்றையும், எத்தோரே புகாட்டி தமக்கென வைத்திருந்த ரோயால் காரையும்கூட வாங்கினார். இவ்வாறு சேர்ந்தவை நானூறுக்கும் மேல். அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை புகாட்டி.

முலூஸ் நகரத்துப் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றினுள் இவை அனைத்தும் மறைவாக வைக்கப்பட்டன. கைவினைஞர்கள் அமர்த்தப்பட்டுக் கார்கள் புதுப்பொலிவு பெற்றன. பாரிசு மாநகரத்துப் பாலம் ஒன்றில் உள்ள அழகிய விளக்குகளைப் போலவே எண்ணூறுக்கும் மேற்பட்ட விளக்குகள் செய்து நிறுத்தப்பட்டன. ஆயினும் பொதுமக்கள் பார்வைக்கு அது திறக்கப்படவில்லை. அவ்விளக்குகள் யாருக்காக ஒளிவீசின?

நூல் தொழிலில் நலிவு வந்தது. 1976-ஆம் ஆண்டு ஆலைகள் முடங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் வாழ்வுக்கு வழியின்றித் தவித்தன. உடன்பிறந்தார் இருவரும் எல்லை கடந்து சுவிட்சர்லாந்து நாட்டுக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச்சுத் திங்களில் தொழிலாளர்கள் அக்கட்டடத்தினுள் நுழைந்தனர். தாம் நூற்ற நூலின் வருவாய் எங்கே போயிற்று என்பதை அன்றுதான் தம் கண்ணால் கண்டனர். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் அவ்விடம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. பிரெஞ்சு அரசு அத்தொகுப்பை வரலாற்றுச் செல்வமாக அறிவித்தது. 1982-ஆம் ஆண்டு அது தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஹான்ஸ் 1989-இலும், ஃபிரிட்ஸ் 1992-இலும் காலமாயினர். சேர்த்த பொருள் ஓரிடத்தில் நிற்க, சேர்த்தவர்கள் வேறு நாட்டில் எஞ்சிய நாள்களைக் கழித்தனர்.

இவர்களைப் பழித்துரைத்தல் நம் நோக்கம் அன்று. அவர்களுடைய உழைப்பும், பழம்பொருளைப் பாதுகாத்த திறனும் போற்றத்தக்கனவே. நாம் காட்ட விழைவது ஒன்றே. புகாட்டி என்னும் பெயர்மீது வைத்த விருப்பு வளர வளர, நாள்தோறும் ஆலைக்கு வந்துசென்ற மனிதர் முகங்கள் கண்ணுக்குப் புலப்படாமல் போயின. ஒன்றன்மேல் பற்று மிகும்போது மற்றொன்றன்மேல் குருடாதல் மோகனீயத்தின் இயல்பு.

வெற்றியின் மறுபக்கம்

2022 மே மாதத்தில், செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் பழைய கார் ஒன்றை விற்றது. விலை 13 கோடியே 50 இலட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய். அதுவரை உலகில் எக்காருக்கும் அவ்விலை கிடைத்ததில்லை. 1955-இல் அவ்வகையில் ஆக்கப்பட்டவை இரண்டே. அந்த அருமையே விலைக்குக் காரணம் என்றனர்.

ஏன் இரண்டோடு நின்றது? அதே ஆண்டு சூன் 11-ஆம் நாள் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் கார் ஒன்று மோதிச் சிதறிப் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்தது. ஓட்டியவரும், எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளரும் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியோடு அந்நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிற்று. அந்த இரு கார்களும் பந்தயக்களம் காணாமலே நின்றுவிட்டன. முன்பு குறிப்பிட்ட மில்லே மில்லியா பந்தயமும் 1957-இல் முடிவுற்றதன் காரணம் அத்தகையதே. ஃபெராரி கார் ஒன்று தடம்புரண்டதில் அதில் சென்ற இருவரும், சாலையோரம் நின்ற ஒன்பதின்மரும் மாண்டனர்.

விற்ற தொகையை இளைஞரின் கல்விக்கான உதவி நிதியாக ஆக்குவதாக நிறுவனம் அறிவித்தது. அது நற்செயல். எனினும், இரண்டே உள்ளன என்று வியக்கும் உலகம், ஏன் இரண்டே உள்ளன என்று கேட்பதில்லை. உயிர்கள் மாண்ட துயரும் விலை உயர்வதற்கு ஓர் காரணமாகிவிடுகிறது. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட நாம் இதனைக் கேளாதிருக்கலாமா?

ஆசாரியர் கூறும் ஐந்து மாசுகள்

இனி நம் ஆசாரியப் பெருமக்கள் வாக்கிற்கு வருவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறும்போது, இன்ன பொருள், இத்துணை அளவு என்று பொருளைச் சுட்டவில்லை. மூர்ச்சை என்னும் மனமயக்கத்தையே சுட்டினார். புறப்பற்றுகள் பத்து என்று எண்ணும் நம் மரபில் யானம் எனப்படும் ஊர்தியும் ஒன்று. அகப்பற்றுகளோ பதினான்கு. புறத்தே உள்ள பத்தும் அகத்தே உள்ள பதினான்கின் நிழல்கள்.

சமந்தபத்திர ஆசாரியர் தாம் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தைக் கெடுக்கும் ஐந்து மாசுகளை எண்ணுகிறார். அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பன. முதலாவதே ஊர்தியைப் பற்றியதாக இருத்தல் நோக்கத்தக்கது. ஆசையால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மீறி ஓட்டுதல் என்று உரைப்பாரும் உண்டு; தேவைக்கு மேல் ஊர்திகளை வைத்திருத்தல் என்று உரைப்பாரும் உண்டு. எருது போய் எஞ்சின் வந்தபின்னும் இரு பொருளும் பொருந்துகின்றன. அதிசங்கிரகம் அளவிறந்து சேர்த்தல். லோபம் கொடாது இறுக்குதல். அதிபாரவாகனம் அளவிறந்த பாரம் ஏற்றுதல்.

மூன்றாவதாகிய விஸ்மயத்தில் சற்றே நிற்போம். பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தல் என்று இதற்குப் பொருள் கூறுவர். வியப்பு எங்ஙனம் விரதத்தைக் கெடுக்கும்? வியந்தவன் ஒரு பொருளும் சேர்க்கவில்லையே! ஐயம் நியாயமானது. ஆனால் மேலே கண்ட ஐந்து காரணங்களை நினைவிற்கொள்க. அக்காரின் விலை எதில் நின்றது? காண்போர் வியப்பில் நின்றது. எவரும் வியவாத காரை எந்தச் செல்வரும் கோடி கொடுத்து வாங்கார். செல்வரின் பற்று ஒரு தீ எனின், அதற்கு நெய் வார்ப்பது காண்போர் வியப்பு. ஆகவே வாங்கியவர் மட்டுமன்றி, வாய்திறந்து வியந்தவரும் அப்பற்றில் பங்குடையர்.

1,100 கோடி என்னும் செய்தியை அறிந்தபோது நாமும் வியந்தோம். அதனை இருவரிடம் சொல்லியும் மகிழ்ந்தோம். லெ மான் நிகழ்ச்சி அப்போது நம் நினைவில் எழவில்லை. இளைஞரின் வினாவிற்கு விடை தேடியபோதுதான் ஆசாரியர் எண்ணிய மூன்றாம் மாசு நம்மிடமே இருப்பதை உணர்ந்தோம். சிராவகர் முன்னிலையில் இதனை ஒப்புக்கொள்வதே முறை.

பரதர் கண்ட மலை

ஜினசேன ஆசாரியர் மகாபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆதிநாதரின் திருமகனாராகிய பரத சக்கரவர்த்தி ஆறு கண்டங்களையும் வென்று, தம் பெயரைப் பொறிக்க விருஷபாசல மலையை அடைந்தார். காகணி இரத்தினத்தைக் கையில் எடுத்துப் பாறையை நோக்கினார். தமக்கு முன் இவ்வுலகை ஆண்ட எண்ணற்ற சக்கரவர்த்திகளின் பெயர்களால் அம்மலை நிறைந்திருந்தது. எழுத இடமில்லை. அவருடைய செருக்கு அடங்கிற்று. முன்னோர் ஒருவர் பெயரை அழித்துத்தான் தம் பெயரைப் பொறிக்க வேண்டியதாயிற்று.

பழைய காரின் உரிமையாளர் வரிசையைக் காணும்போது அம்மலையே நம் நினைவிற்கு வருகிறது. ஒவ்வொருவரும் "என்னுடையது" என்றனர். கார் நின்றது, பெயர்கள் மாறின. இன்று கோடி கொடுத்து வாங்குபவரும் அவ்வரிசையில் ஒரு வரியே. ஆறு கண்டம் வென்றவர்க்கே அழித்து எழுத நேர்ந்தது எனின், மற்றையோர் பெயர் எத்துணை நாள் நிற்கும்?

நமக்குரியது

அயல்நாட்டுச் செல்வரைப் பற்றிப் பேசி நம்மை நல்லவராக எண்ணிக்கொள்வது இவ்வுரையின் பயன் ஆகாது. நம் இல்லங்களில் கோடி விலைக் கார்கள் இல்லாதிருக்கலாம். ஆனால் திருமண மண்டப வாயிலில் ஒருவர் வந்து இறங்கும்போது, அவருடைய முகத்தை நோக்குமுன் அவர் வந்த வண்டியை நோக்குகிறோமா, இல்லையா? விலையுயர்ந்த வண்டியில் வந்தவர்க்கு முன்வரிசை, பேருந்தில் இறங்கி நடந்துவந்த முதியவர்க்குப் பின்வரிசை என்று நம் கை தானாகவே காட்டுகிறதா, இல்லையா? பெண் கொடுக்கவும் எடுக்கவும் பேசும்போது, ஒழுக்கத்தைக் கேட்குமுன் வண்டியைக் கேட்கிறோமா, இல்லையா? அருமை, குலவரலாறு, அவை என்னும் அதே அளவுகோல்களை நாமும் கையில் வைத்திருக்கிறோம். கோலின் நீளம் மட்டுமே வேறு.

நம் பார்வையைக் கண்டே அடுத்த வீட்டு இளைஞர் தம் ஊதியத்திற்கு மிஞ்சிக் கடன் வாங்கி வண்டி வாங்குகிறார். அக்கடனைத் தீர்க்க அவர் படும் துன்பத்தில் நம் கண்ணுக்கும் பங்கு உண்டு.

செய்யத்தக்கன அரியன அல்ல. பரிக்கிரக பரிமாணம் என்னும் பொருள் வரையறையைக் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து பேசி ஏற்றுக்கொள்ளலாம். நிலம், மனை, பொன் ஆகியவற்றோடு ஊர்திக்கும் எண்ணும் விலையும் வரையறுத்து, பெருமான் திருமுன் உறுதி கொள்ளலாம். பயன் கருதி வாங்குதல் குற்றம் அன்று. நோயாளியை மருத்துவமனைக்கும், முதியோரை ஆலயத்திற்கும் கொண்டுசெல்லும் ஊர்தி அறத்திற்குத் துணையே. வாங்குமுன், "இப்பெயரை எவரும் அறியார் எனினும் இதனையே வாங்குவேனா?" என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொண்டால் போதும். வரையறைக்கு மேல் வரும் பொருளை உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு ஒதுக்கலாம். இவற்றுள் எதுவும் இயலாதார்க்கும் ஒன்று இயலும். பிறர் பொருளைக் கண்டு வியவாதிருத்தல். அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.

வினாவிய இளைஞர்க்கு நாம் கூறும் விடை இதுவே. தம்பீ, எல்லாம் இரும்புதான். அவ்வேறுபாட்டை உண்டாக்குவது நம் கண். அருகப்பெருமான் சமவசரணத்தில் வீற்றிருந்தபோது முக்குடையும் மலர்மழையும் சூழ்ந்திருந்தும், அவற்றுள் எதனையும் தீண்டாது நான்கு விரல் மேலே நின்றருளினார் என்பது நம் மரபு. செல்வத்தின் நடுவிலும் தீண்டப்படாது நிற்றல் இயலும் என்று அத்திருக்கோலம் நமக்குக் காட்டுகிறது. அத்திருவுருவைக் கண்டு வியப்போம். வியப்பிற்கு உரிய இடம் அதுவே.

வளர்க அறம்! வாழ்க எவ்வுயிரும்!